அளவுக்கு நின்ற சடையாண்டி

அரைக்காணிப்பட்டிக்காரர்களைப் பற்றி வெளியூரில் நாலு விதமாகப் பேசுவார்கள். நாலும் உண்மைதான் என்பதால் அவர்கள் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் ஒரு நல்ல குணத்தை மறுக்க முடியாது. சொன்னதைச் செய்வார்கள். சொன்னபடியே செய்வார்கள். இவ்வளவு கூத்தும் அதனால் வந்ததுதான்.

அந்த ஊர் சடையாண்டிக்குப் பக்கத்து ஊர் ஒச்சப்பன் மகள் செவந்தியைப் பேசி முடித்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போன பையன். செவந்தி அவனைப் பார்த்து ஒரே ஒரு தடவை சிரித்திருந்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கல்யாணமாவது நல்லபடியாக நடக்க வேண்டுமே என்று அவன் வேண்டாத சாமி இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் நகரத்து வரலாற்று மன்றம் ஒன்றிலிருந்து பூங்கோதை அம்மா வந்து இறங்கினார். ஊர்ச் சாவடியில் ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய காகிதங்கள் கிடந்தன. கண்மாய்க் கரையில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று சாய்ந்து நின்றது. அதையெல்லாம் படம் பிடித்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஊர் வரலாறு அழியாது என்று விளக்கிவிட்டு, ஊர்த் தலைவர் தொப்புளான் கையில் ஒரு கேமரா போனைக் கொடுத்தார்.

"எழுத்து உள்ளது எதையும் விட்டுறாதீங்க. நிழல் விழக்கூடாது. கையுறை போட்டுத்தான் காகிதத்தைத் தொடணும். ஒவ்வொரு படத்துலயும் அளவு தெரிஞ்ச ஒரு பொருளைப் பக்கத்துல வைங்க. எல்லாப் படத்துலயும் அதே பொருள்தான் இருக்கணும். கீழ அது எந்தக் காலத்ததுன்னு தட்டி விட்டீங்கன்னா, படம் அதுவாவே எங்க இணையப் பக்கத்துக்கு வந்துரும். முடிஞ்சதும் அசலை யாரும் தொட முடியாத இடத்துல பத்திரமா வைங்க."

"அவ்வளவுதானே!" என்றார் தொப்புளான். அந்த அம்மாவுக்கு இந்த ஊரைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலும். நிம்மதியாக பஸ் ஏறிப் போனார்.

கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது. தொப்புளான் வலது கையில் ஒன்றைப் போட்டுக்கொண்டார். இடது கையுறையை ஊர்க்காரன் மாயழகு போட்டுக்கொண்டான். உறை போடாத கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு காகிதத்தை இருவருமாகத் தூக்கிப் பக்கவாட்டில் நடந்து வெளியே கொண்டுவந்தார்கள். டீக்கடை ராக்குதான் படமெடுப்பவள். வெயிலில் அவள் நிழல் காகிதத்தின்மேல் விழுந்தது. நிழல் விழாமலிருக்க அவளுக்குக் குடை பிடித்தார்கள். இப்போது குடையின் நிழல் விழுந்தது. குடைக்கு மேலே இன்னொரு குடை பிடித்தார்கள். ஊரில் இருந்த குடையெல்லாம் தீர்ந்தபோது நல்லவேளையாக வானம் மூடிக்கொண்டது.

அடுத்தது அளவு.

"தேங்காய் வைக்கலாமா?" என்றான் மாயழகு.

"தேங்காய்ல சின்னதும் இருக்கு, பெருசும் இருக்கு. எந்தத் தேங்காய்னு அந்தம்மா கேட்டா?"

"செங்கல்?"

"எந்தச் சூளைச் செங்கல்?" என்று ராக்கு மடக்கினாள்.

தொப்புளான் வெகுநேரம் மோவாயைத் தடவினார். "அளவு தெரிஞ்சது ஒண்ணுதான் நம்ம ஊர்ல இருக்கு. சடையாண்டி. கல்யாணச் சட்டைக்குத் தையல்காரரு இப்பத்தானே அவனை அளந்தாரு? துண்டுச்சீட்டுகூட அவன் பையில இருக்கு."

மற்ற எல்லாரும் ரெடிமேட் சட்டைக்காரர்கள். அதனால் யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை. சடையாண்டிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அளந்தப்ப நான் மூச்சைப் பிடிச்சிருந்தேன்ணே" என்றும் சொல்லித் தொலைத்தான்.

"அப்ப பிடிச்சுக்கிட்டே நில்லு. அளவு மாறக்கூடாது."

ஆக, பெட்டியிலிருந்த ஒவ்வொரு காகிதத்துக்கும் பக்கத்தில் சடையாண்டி ஒரே சட்டையோடு, மூச்சைப் பிடித்து, கண் பிதுங்க நின்றான். அவன் தலையிலிருந்து கால்வரை படத்தில் விழ வேண்டுமென்றால் ராக்கு தெருக்கோடிக்குப் போக வேண்டியிருந்தது.

"அண்ணே, இங்கேர்ந்து காகிதம் புள்ளி மாதிரி இருக்கு!" என்று அவள் கத்தினாள்.

"அளவு தெரியுதா?"

"சடையாண்டி நல்லாத் தெரியுறான்!"

"அதைத்தானே கேட்டாங்க. எடு!"

கல்வெட்டு முடிந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தண்ணீர்த் தகராறு மனு முடிந்தது. எழுத்து உள்ளது எதையும் விடக்கூடாதே, ஆகவே சோப்பு உறை, பஸ் டிக்கெட், சடையாண்டியின் பிறப்புச் சான்றிதழ் எல்லாமும் முடிந்தன. பிறகு அசல் அத்தனையையும் பெட்டியில் பூட்டி, ஊரிலேயே உயரமான அரசமரத்தில், பெரிய தேன்கூட்டுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டிய மாயழகு முகம் வீங்கி இறங்கிவந்து, "இனி யாரும் தொட முடியாது" என்றான். அதில் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கிய நேரத்தில் ஒச்சப்பன் சொந்தபந்தங்களோடு வந்து இறங்கினார். பின்னாலேயே செவந்தியும் வந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"மாப்பிள்ளைக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க?"

"இருபத்தொம்பது, மாமா."

ஒச்சப்பன் தன் போனில் மன்றத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். கல்வெட்டும் அதன் பக்கத்தில் சடையாண்டியும். கீழே 'பாண்டியர் காலம்'.

"அப்ப இது யாரு?"

"நம்ம சடையாண்டிதான். அதுல சந்தேகமே வேணாம்" என்று தொப்புளான் உறுதியாகச் சொன்னார்.

"பாண்டியர் காலத்துலயும் நிக்கிறாரு. வெள்ளைக்காரன் காலத்துலயும் நிக்கிறாரு. அப்பவும் இதே சட்டை! இவ்வளவு வயசானவருக்கு எம்பொண்ணைக் குடுப்பேனா?"

அரைக்காணிப்பட்டிக்காரர்கள் போனை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார்கள். மாயழகின் வீங்கிய முகம் வெளிறிவிட்டது. "ஆமா, இத்தனை நாளா நாம கவனிக்கலையே!"

"இதெல்லாம் நான்தானே எடுத்தேன்," என்றாள் ராக்கு. "அப்ப எனக்கு என்ன வயசு?" தலை சுற்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சடையாண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மாமா, எம் பிறப்புச் சான்றிதழைப் பாருங்க. அதுல சரியா இருக்கும்."

அசல் தேன்கூட்டுப் பக்கத்தில் இருந்தது. ஆகவே படத்தைத் தேடி எடுத்தார்கள். காகிதம் புள்ளியாக இருந்தது. கீழே அவன் பிறந்த தேதி இருந்தது. பக்கத்தில் சடையாண்டி இருந்தான்.

ஒச்சப்பன் படத்தை உற்றுப் பார்த்தார். "பொறந்த அன்னிக்கே இந்த மீசையா?"

சடையாண்டியே மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கொஞ்ச நாளாக முதுகு வலிப்பதன் காரணம் அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. செவந்தியை ஒருமுறை பார்த்தான்.

"வாங்க, போவோம்" என்று ஒச்சப்பன் திரும்பினார்.

"நில்லுங்கப்பா!" என்றாள் செவந்தி. "பாண்டியர் காலத்துலேர்ந்து சாகாம நிக்கிறவரு இனிமேலா சாகப் போறாரு? இதைவிட என் தாலிக்கு என்ன பாக்கியம் வேணும்? கட்டுனா இவரைத்தான் கட்டுவேன்."

ஒச்சப்பன் நின்றார். யோசித்தார். முகம் மெதுவாக மலர்ந்தது. மறுநிமிஷம் சடையாண்டி காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "வயசுல மூத்தவரை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க, மாப்பிள்ளை!"

"நல்லா இருங்க, மாமா" என்று சடையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆசீர்வாதம் செய்தான். செவந்தி சிரித்தாள். இரண்டாவது தடவை.

கல்யாணம் தடபுடலாக நடந்தது. தாலி கட்டியதும், ஊருக்கு வந்த மருமகளும் வரலாறுதான் என்று சொல்லித் தொப்புளான் போனை ராக்குவிடம் கொடுத்தார். செவந்தியை நடுவில் நிற்கவைத்தார்கள். சடையாண்டி பழக்கதோஷத்தில் ஓரமாகப் போய், கையைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டான். படம் இன்றைக்கும் மன்றத்தின் பக்கத்தில் இருக்கிறது. தொப்புளான் யோசித்து யோசித்துத் தட்டிய வரிகள் கீழே இருக்கின்றன: 'மணமகள் செவந்தி. பக்கத்தில் நிற்பது அளவுக்காக. மணமகன் படத்தில் இல்லை.'

அன்று சாயங்காலம் சடையாண்டி அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். அவனுக்கு மனசே கேட்கவில்லை.

"பாவம் செவந்தி," என்றான். "கல்யாணத்தன்னிக்குக்கூட ஒரு போட்டோவுக்கு வந்து நிக்காம அந்த மாப்பிள்ளை எங்கதான் போய்த் தொலைஞ்சானோ!"