புது கார்டும் பச்சைத் தலைப்பாகையும்

தேன்கரை நாட்டை உக்கிரகேசரி என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். அவரிடம் தேர்ப்படை இருந்ததோ இல்லையோ, ஒரு கணினி இருந்தது. மன்னர் காலத்தில் கணினி ஏது என்று கேட்கும் வாசகர், கதைகளில் கிளி பேசியபோதும் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் சொல்லலாம். மேலே போவோம்.

அந்தக் கணினியில் மன்னர் இணையம் வழியாகச் சதுரங்கம் ஆடுவார். எதிராளி, பக்கத்து நாடான கருங்குளத்தின் அரசர். ஒருநாள் பேச்சு முற்றி, இருவரும் தத்தம் பட்டத்து யானையைப் பந்தயம் வைத்துவிட்டார்கள். அந்தி விளக்கு ஏற்றுவதற்குள் காயை நகர்த்தாதவர் தோற்றவர். நம் மன்னர் இன்னும் ஒரே ஒரு காயை நகர்த்தினால் வெற்றி. அந்த நேரம் பார்த்து இணையம் போய்விட்டது.

அன்று காலைதான் அவைப்புலவர் தோணியப்பர், கணினியை இணையத்தோடு சேர்க்கும் பழைய நெட்வொர்க் கார்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தியிருந்தார். பழையது நத்தையாக ஊர்கிறது என்று நச்சரித்தவர் மன்னரேதான். ஆனால் அது இப்போது மன்னருக்கு நினைவில்லை.

"நன்றாக ஓடியதைக் கெடுத்தவர் இவர், அரசே. கருங்குளத்தாரிடம் கைக்கூலி வாங்கியிருப்பார்" என்றார் மகாமந்திரி வீரபாகுராயர். அவர் பேசும்போது முதலில் மீசை அசையும்; சொல் பின்னால் வரும். அவ்வளவு பெரிய மீசை.

மன்னர் பல்லைக் கடித்தார். "தோணியப்பரே, விளக்கேற்றுவதற்குள் இணையம் வரவேண்டும். வராவிட்டால் யானையோடு நீரும் கருங்குளம் போகலாம். சாணி அள்ள அங்கே ஆள் வேண்டுமே."

"வராது அரசே. வந்தால் இந்த மீசையை எடுத்துவிடுகிறேன்" என்றார் மந்திரி.

தோணியப்பர் குனிந்து பார்த்தார். புது கார்டில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினார். மோடத்தை அணைத்து, சற்றுப் பொறுத்து, மறுபடி போட்டார். எல்லாம் நலமாக இருந்தன. இணையம் மட்டும் இல்லை. மந்திரி தம் பங்குக்குக் கணினிக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். பூசணிக்காய் உடைக்கலாமா என்றும் கேட்டார்.

கடைசியில் தோணியப்பர் இணைய நிலையத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க" என்றது ஒரு குரல். உலகம் தோன்றிய நாள் முதல் அந்தக் குரல் இதைத்தான் சொல்லிவருகிறது. "கார்டு மாத்தினீங்களா? அப்ப புது நம்பரை எங்ககிட்டப் பதியணும். மூணு வேலைநாள் ஆகும்."

தோணியப்பர் தொலைபேசியை வைத்தார். அவர் முகத்தில் கவலை இல்லை. அதுதான் மந்திரிக்குக் கவலையாக இருந்தது.

"நோய் தெரிந்துவிட்டது மன்னா. சொன்னால் புரியாது, பட்டால் புரியும். தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, தோட்டத்து வழியாக வெளியே போய், தலைவாசல் வழியாக உள்ளே வாருங்கள்."

"விளையாட இதுவா நேரம்?"

"யானை போன பிறகு விளையாட மனம் வராதே, மன்னா."

மன்னர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தலைவாசலில் காவலுக்கு நிற்பவர் மாயாண்டி. பார்வை கொஞ்சம் மங்கல். மன்னரைப் பச்சைத் தலைப்பாகையாலும் மந்திரியை மீசையாலும் அறிவார். அடையாளம் தெரியாத எவரையும் உள்ளே விடக்கூடாது என்பது மன்னரே இட்ட ஆணை. வெறுந்தலையோடு வந்தவரை மாயாண்டியின் கோல் மறித்தது.

"யாருய்யா நீ?"

"நான்தான் மன்னன்."

"நேத்து ஒருத்தன் தேவேந்திரன்னு சொன்னான். அவனையே திருப்பி அனுப்பிட்டேன். நகரு."

"இது என் அரண்மனை."

"அப்ப உள்ள இருக்கிற மன்னர் வந்து சொல்லட்டும், விடறேன்."

இதற்குள் தோணியப்பர், சமையற்காரர் நல்லமுத்துவின் தலையில் அந்தப் பச்சைத் தலைப்பாகையை வைத்து, தோட்டத்து வழியாக வெளியே அனுப்பியிருந்தார். நல்லமுத்து கையில் கரண்டியோடு தலைவாசலுக்கு வந்தார். மாயாண்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார்.

"மகாராசா, இந்த ஆளு தான்தான் நீங்கன்னு சொல்றான். என்ன செய்யட்டும்?"

நல்லமுத்து மன்னரை மேலும் கீழும் பார்த்தார். ரசத்தில் புளி தூக்கல் என்று அன்று காலை வசவு வாங்கியவர் அவர்.

"கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தோணியப்பர் ஓடிவந்து மாயாண்டியைச் சமாதானப்படுத்தி மன்னரை அழைத்துப் போனார். மன்னரின் முகம் அடுப்பில் வைத்த செம்பு போலச் சிவந்திருந்தது.

"மாயாண்டி செய்தது தவறா, மன்னா?"

மன்னர் யோசித்தார். "இல்லை. என் ஆணைப்படிதான் செய்தான்."

"இணைய நிலையத்திலும் ஒரு மாயாண்டி நிற்கிறார். ஒவ்வொரு கார்டுக்கும் பிறக்கும்போதே ஓர் எண் உண்டு. பழைய கார்டின் எண்தான் அவருக்குத் தெரிந்த தலைப்பாகை. புதியது எவ்வளவு உயர்ந்த சரக்கானாலும், வெறுந்தலையோடு போய் நின்றால் கோலைத்தான் நீட்டுவார்."

"சரி, இப்போது என்ன செய்வது?"

"நல்லமுத்துவுக்குச் செய்ததைத்தான்."

பழைய கார்டு எங்கே என்று தேடினார்கள். மேசைக்கால் ஆடுகிறதென்று மன்னரே அதை அடியில் வைத்து முட்டுக்கொடுத்திருந்தார். தோணியப்பர் அதை உருவி, தூசி தட்டி, மேலே ஒட்டியிருந்த எண்ணைப் படித்தார். புது கார்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அதே எண்ணைத் தட்டினார். ஆடுகிற மேசையில் திரை ஒருமுறை கண்சிமிட்டியது. சதுரங்கப் பலகை விரிந்தது.

வெளியே விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மன்னர் காயை நகர்த்தினார். கருங்குளத்திலிருந்து உடனே ஒரு வசவு வந்தது. அவர்களுடைய பட்டத்து யானை பின்னால் நடந்து வந்தது.

மன்னர் தலைப்பாகையைத் திருப்பி வாங்கி அணிந்துகொண்டார். "தோணியப்பரே, என்ன பரிசு வேண்டும்? கூசாமல் கேளும்."

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், மன்னா. மந்திரியார் சொன்ன சொல் தவறாதவர். மீசை எடுக்கிற கடையோ கோட்டைக்கு வெளியே இருக்கிறது. அவர் போய்த் திரும்பும்வரை, மாயாண்டியிடம் யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தால் போதும்."

மந்திரியின் கை மீசைக்குப் போனது. மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். தலைப்பாகையை மட்டும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு.