தருமாவின் மறு கண்

ஜப்பானில் மலையடிவார ஊர் ஒன்றில் கென்பாச்சி என்றொரு பொம்மைக்காரர் இருந்தார். மர அச்சின்மேல் காகிதம் ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுத்து, அடியில் களிமண் வைத்துச் சிவப்புச் சாயம் பூசுவார். அதுதான் தருமா பொம்மை. போதிதருமரின் உருவம், சாய்த்தால் நிமிர்ந்துவிடும். கண்கள் மட்டும் வெறுமையாக இருக்கும். வாங்குகிறவர் ஏதாவது வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை வரைவார். வேண்டியது நடந்தால்தான் மறு கண். நடக்காமல் போனால் பொம்மையைக் கோயில் நெருப்பில் சேர்த்துவிடுவார்கள்.

அவ்வூர்ப் பெண் மிசாவோவின் கணவன் தெய்சோ, கூரையில் பனி தள்ளும்போது விழுந்து இடுப்பொடிந்து போனான். அவன் எழுந்து நடக்க வேண்டும் என்று அவள் ஒரு தருமா வாங்கிக் கண் வரைந்தாள். குளிர்காலங்கள் வந்து போயின; அவன் எழவில்லை. முதுகெல்லாம் புண். புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் அலறினான். கடைசியில் இறந்துபோனான்.

காரியங்கள் முடிந்த கையோடு மிசாவோ பொம்மையுடன் கென்பாச்சியிடம் வந்தாள்.

"மறு கண்ணையும் வரைந்து கொடுங்கள் அய்யா."

பின்னாலேயே தெய்சோவின் தங்கை தோமே வந்தாள். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். விசேஷ நாட்களில் வந்துபோவாள். "என்ன நடந்துவிட்டதென்று கண் வரைவது அண்ணி? அண்ணன் எழுந்து நடந்தானா?"

மிசாவோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போன குளிர்காலத்தில் வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். போதும், இவரை எடுத்துக்கொள் என்று கேட்டேன். அது நடந்துவிட்டது."

தோமே அழுதாள். "அது உங்கள் மனதோடு போகட்டும். நெருப்பில் போட்டுவிடுங்கள். கண் வரைந்தால் அண்ணன் செத்ததைக் கொண்டாடுவதுபோல் ஆகும்."

கென்பாச்சி இரண்டையும் செய்யவில்லை. தூரிகையை மையில் தோய்த்து மிசாவோவிடம் நீட்டினார். "வேண்டிக்கொண்டது நீங்கள். நான் வரையக்கூடாது அம்மா" என்று சொல்லிவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார்.

கண் வேண்டும் என்றவள், கூடாது என்றவள், தூரிகையை நீட்டி ஒதுங்கிக்கொண்டவர். இதில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், மிசாவோதான். தோமேயின் துக்கம் பொய்யில்லை. ஆனால் அவள் அந்த அலறலோடு குடியிருந்ததில்லை. கென்பாச்சி தம் தொழிலின் முறையைக் காத்துக்கொண்டார், அவ்வளவே. மிசாவோ வாய் திறக்காமல் பொம்மையை நெருப்பில் போட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவளோ, தான் வேண்டியதைத் தன் வாயாலேயே சொன்னாள். அவள் வரைந்த கண் சற்றுச் சிறியதாகத்தான் வந்தது. தோமே அவளைக் கைகொடுத்து எழுப்பினாள். அன்று அண்ணி வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் வெயில் ஏறியும் மிசாவோ தூங்கிக்கொண்டிருந்தாள். தோமே எழுப்பவில்லை.