கூட்டத்தில் சொல்லாத சொல்

மலையடிக் காடு ஒன்றில் பூவாத்தாள் என்றொரு கரடி இருந்தாள். அந்தக் காட்டின் குட்டிகள் காப்பகத்துக்கு அவள்தான் தலைவி.

காப்பகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெரிய நாவல் மரமும் அதன் நிழலும்தான். பக்கத்தில் சின்னக் குட்டை ஒன்று. இரை தேடப் போகும் தாய்மார்கள் காலையில் குட்டிகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். மாலையில் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். மான்குட்டி, பன்றிக்குட்டி, முயல்குட்டி, குரங்குக்குட்டி, அணில்குட்டி எல்லாம் ஒன்றாகக் கிடந்து உருளும்.

அதை ஆரம்பித்தவளே பூவாத்தாள்தான். அவளுக்கு ஒரே ஒரு குட்டி இருந்தது. ஒரு கோடையில் அதைப் புதரடியில் தூங்கவிட்டு, கறையான் புற்று தோண்டப் போனாள். அந்தப் பக்கம் காட்டுத்தீ பிடித்துக்கொண்டது. அவள் ஓடி வந்தபோது புதரும் இல்லை, குட்டியும் இல்லை. கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல் கிடந்தாள். பிறகு எழுந்து நாவல் மரத்தடிக்கு வந்தாள். "இரைக்குப் போகிறவர்கள் குட்டிகளை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள். தனியாக விடாதீர்கள்" என்றாள். அப்படித் தொடங்கியதுதான் காப்பகம்.

குட்டிகள் கூடக் கூட, துணைக்கு இருவர் சேர்ந்தார்கள். ஒருவன் நல்லமுத்து என்ற முள்ளம்பன்றி. இன்னொருத்தி சடைச்சி என்ற மந்தி. மூவரும் சேர்ந்ததுதான் குழு. இவர்களுக்குக் கூலி கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை மாலையில் கூடி, காப்பகத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று முடிவு செய்வார்கள்.

முடிவு செய்வார்கள் என்று சொல்வதை விட, பூவாத்தாள் சொல்வாள், மற்ற இருவரும் தலையாட்டுவார்கள் என்று சொல்லலாம். அவள் அதிகாரம் பண்ணுகிறவள் இல்லை. ஆனால் எப்போதும் அவசரத்தில் இருப்பாள். ஒரு குட்டியின் காதில் உண்ணி எடுத்துக்கொண்டே, "இப்படிச் செய்யலாமா? என்ன சொல்கிறீர்கள்?" என்பாள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள், "அப்போது சரி" என்று எழுந்துவிடுவாள்.

அந்த வருடம் கோடை கடுமையாக இருந்தது. குட்டை வற்றிச் சேறாகி, சேறும் வெடித்துவிட்டது. குட்டிகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தன.

குழு கூடியது.

"காப்பகத்தை ஆற்றுக்குள் மாற்றிவிடுவோம்" என்றாள் பூவாத்தாள். "ஆறு வறண்டுதான் கிடக்கிறது. ஆனால் மணலைத் தோண்டினால் ஊற்று வருகிறது. நானே தோண்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு கரையிலும் மரங்கள் சாய்ந்து நிற்கின்றன. நல்ல நிழல். மணலும் மெத்தை மாதிரி இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?"

நல்லமுத்துவின் முதுகில் முட்கள் லேசாக விறைத்தன. அவன் ஆற்றங்கரை வளையில் வளர்ந்தவன். அது காட்டாறு. இங்கே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், மேற்கு மலையில் மழை பெய்தால் போதும். திடீரென்று தண்ணீர் வந்துவிடும். வருடா வருடம் வருவதில்லை. ஆனால் வந்திருக்கிறது.

சொல்லலாமா என்று பூவாத்தாளைப் பார்த்தான். விடியும் முன்பிருந்தே மணலைத் தோண்டியதில் அவள் நகங்கள் தேய்ந்து போயிருந்தன. கண்கள் சிவந்திருந்தன. இவ்வளவு பாடுபடுகிறவளிடம், மாதத்துக்கு ஒரு நாள் வந்து உட்கார்ந்து போகிற நான் எதைச் சொல்வது என்று நினைத்தான்.

சடைச்சிக்கும் மனம் சரியில்லை. அன்று காலை மர உச்சியிலிருந்து பார்த்தபோது மேற்கு மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக் கிடந்தது. ஆனால் குட்டிகளுக்கு ஆபத்து என்று இவளிடம் போய் எப்படிச் சொல்வது? குட்டியைப் பறிகொடுத்தவள் ஆயிற்றே. அந்தப் பேச்சை எடுத்தால் அழுதுவிடுவாளோ என்னவோ.

"அப்போது சரி" என்று பூவாத்தாள் எழுந்துகொண்டாள்.

இருவரும் தலையாட்டினார்கள்.

திரும்பிப் போகிற வழியில் சடைச்சி மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, ஆற்றுக்குள் குட்டிகளைக் கொண்டுபோய் வைப்பது உங்களுக்குச் சரியாகப் படுகிறதா?"

"படவில்லை. அது காட்டாறு" என்றான் நல்லமுத்து.

"மேற்கே மேகம் கட்டியிருக்கிறது. நான் பார்த்தேன்."

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே, சடைச்சி."

"நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்துவிட்டேன். ஆற்றைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும்?"

"நீ ஆரம்பித்தால் நானும் சேர்ந்துகொள்ளலாம் என்று நான் இருந்தேன்."

"அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம்" என்றான் நல்லமுத்து. அவரவர் இருப்பிடத்துக்குப் போய்விட்டார்கள்.

மறுநாளே காப்பகம் ஆற்றுக்குள் போயிற்று. குட்டிகளுக்குக் கொண்டாட்டம். ஊற்றில் வாய் வைத்துக் குடித்தன. மணலில் குழி பறித்துப் படுத்துக்கொண்டன. தாய்மார்கள் பூவாத்தாளை வாயாரப் புகழ்ந்தார்கள். ஒன்றும் நடக்காமலே நாட்கள் போயின. சொல்லாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று என்று கூட நல்லமுத்து நினைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு நாள் மதியம் அது வந்தது.

நல்லமுத்து கரையோரம் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான். வானத்தில் மேகமே இல்லை. ஆனால் காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது. ஆறு வளைந்து வரும் இடத்தில் ஏதோ பழுப்பாகத் தெரிந்தது. காய்ந்த இலையும் சுள்ளியும் நுரையுமாக உருண்டு வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர்.

அவன் முட்களைச் சிலுப்பிக் கலகலவென்று அடித்துக்கொண்டே ஓடினான். "அக்கா, தண்ணீர் வருகிறது! குட்டிகளைக் கரையேற்றுங்கள்!"

பூவாத்தாள் ஒரு கணம்தான் திகைத்து நின்றாள். உடனே குனிந்து முதுகைக் காட்டினாள். "ஏறுங்கள். மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்." கைக்கும் வாய்க்கும் பிடி கிடைத்த குட்டிகள் எல்லாம் அவள் முதுகில் தொற்றிக்கொண்டன. அவள் மேட்டில் ஏறி அவற்றை உதறி இறக்கிவிட்டு மறுபடி இறங்கினாள். சத்தம் கேட்டு வந்த சடைச்சி, சாய்ந்த கிளையில் தொங்கி முயல்குட்டிகளைத் தூக்கிக்கொண்டாள். நல்லமுத்து பன்றிக்குட்டிகளைப் பின்னாலிருந்து முட்டி முட்டிக் கரையேற்றினான்.

கடைசியில் ஒரு மான்குட்டி மட்டும் நின்றுவிட்டது. அதன் பெயர் புள்ளி. குளம்புக் காலால் எதையும் பற்ற முடியாது. கரடியின் முதுகில் ஏறி ஏறி வழுக்கி விழுந்தது. அதற்குள் தண்ணீர் அதன் வயிற்றுக்கு வந்துவிட்டது.

பூவாத்தாள் தண்ணீருக்குள் இறங்கினாள். புள்ளியின் பிடரியை வாயில் கவ்விக்கொண்டு திரும்பினாள். அப்போது வெள்ளத்தில் வந்த ஒரு மரத்துண்டு இருவரையும் பாறையோடு சேர்த்து இடித்தது. கரடி வாயை மட்டும் திறக்கவில்லை. தண்ணீர் அவளைப் புரட்டியது. சடைச்சி ஒரு கொடியை இழுத்துப் போட்டாள். பூவாத்தாள் அதைப் பற்றிக்கொண்டு எப்படியோ கரைக்கு வந்து விழுந்தாள்.

புள்ளிக்கு உயிர் இருந்தது. ஆனால் முன்னங்கால் ஒன்று முறிந்திருந்தது.

மாலையில் தாய்மார்கள் வந்தார்கள். ஆற்றைப் பார்த்ததும் மேட்டுக்கு ஓடினார்கள். தங்கள் குட்டிகளைத் தேடி முகர்ந்து பார்த்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"காட்டாற்றுக்குள் குட்டிகளை வைக்கலாமா? உன்னை நம்பித்தானே விட்டுவிட்டுப் போனோம்?" என்று ஒரு பன்றித்தாய் கத்தினாள்.

பூவாத்தாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். "தப்பு என்னுடையதுதான்" என்றாள். "என் குட்டியையும் காப்பாற்றத் தெரியவில்லை. உங்கள் குட்டிகளையும் காப்பாற்றத் தெரியவில்லை. நான் தலைமையிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

நல்லமுத்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். அவனை யாரும் குற்றம் சொல்லவில்லை. சத்தம் போட்டு எச்சரித்தவன் என்று சிலர் நன்றியோடு கூடப் பார்த்தார்கள். அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவன் முன்னால் வந்தான்.

"தப்பு அக்காவுடையது மட்டும் இல்லை" என்றான். "இந்த ஆறு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் நான் சொல்லவில்லை."

சடைச்சி மரத்திலிருந்து கீழே இறங்கி வந்தாள். "மேற்கே மேகம் கட்டியிருந்ததை நான் பார்த்தேன். நானும் சொல்லவில்லை. வழியில் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அதோடு விட்டுவிட்டோம்."

பூவாத்தாள் தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தாள். மரத்துண்டு மோதியபோது கூட அவள் முகம் அப்படி ஆகவில்லை.

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் படுகிற பாட்டைப் பார்த்து வாய் வரவில்லை, அக்கா. உங்கள் மனம் நோகுமே என்று..." என்றான் நல்லமுத்து.

"என் மனம் நோகும் என்று நினைத்தீர்கள். குட்டிகளை யார் நினைத்தது?"

பிறகு பூவாத்தாளே சொன்னாள். "நானும் உங்களைக் கேட்டதில்லை. கேட்பது போலக் கேட்டுவிட்டு எழுந்து போனேன். பதில் சொல்ல இடமே கொடுக்கவில்லை."

இவ்வளவு நேரமும் ஒருத்தி பேசாமல் புள்ளியின் காலை நக்கிக்கொண்டிருந்தாள். அவள் புள்ளியின் தாய் மாரக்காள். இப்போது நிமிர்ந்தாள். எல்லாரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள்.

"உங்கள் மூன்று பேர் மேலும் எனக்குக் கோபம்தான்" என்றாள் மாரக்காள். "அது சீக்கிரம் ஆறாது. என் பெண் இனிமேல் மற்றக் குட்டிகள் மாதிரி துள்ளமாட்டாள். ஆனால் நாளைக் காலையில் நான் இரைக்குப் போயாகவேண்டும். போகாவிட்டால் இவளுக்குப் பால் இல்லை. இவளை நான் எங்கே விடுவது?"

மாரக்காள் பூவாத்தாளின் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் காட்டில் என் குட்டிக்காகத் தண்ணீரில் இறங்க ஒருத்திதான் இருந்தாள். அவளும் விலகிவிட்டால் நாளைக்கு எல்லாக் குட்டிகளும் புதரடியில்தான் கிடக்கும். அக்கா, நீங்கள் விலகவேண்டாம். ஆனால் குழுவில் நானும் இருப்பேன். எனக்குப் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வேன். சம்மதமா?"

பூவாத்தாள் சம்மதமாகத் தலையை அசைத்தாள்.

மறுநாள் காலை குட்டிகள் நாவல் மரத்தடிக்கே திரும்பின. தண்ணீர் குடிக்க மட்டும் நல்லமுத்துவும் சடைச்சியும் அவற்றை ஆற்றங்கரை வரை கூட்டிப் போய் உடனே திரும்பினார்கள். பூவாத்தாளின் விலா வலி குறையப் பல நாட்கள் ஆயின.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் குழு கூடியது. இப்போது நால்வர்.

"நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன்" என்று பூவாத்தாள் ஆரம்பித்தாள். "இனிமேல் பகல் முழுக்க நானே குட்டிகளோடு இருந்துவிடுகிறேன். ஒரு கணம் கூட அகலமாட்டேன். உங்களுக்கு ஒரு சிரமமும் வேண்டாம்." அப்படியே எழுந்திருக்கப் போனவள், பாதியில் உட்கார்ந்துகொண்டாள். "என்ன சொல்கிறீர்கள்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லமுத்து ஓர் அடி முன்னால் வந்தான்.

"வேண்டாம், அக்கா" என்றான்.

அந்தச் சொல்லை அந்தக் குழுவில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. பூவாத்தாளின் காதுகள் பின்னால் சாய்ந்தன.

"ஏன் வேண்டாம்?"

"நீங்கள் வயிறாரத் தின்று எவ்வளவு காலம் ஆகிறது? தூங்கி எவ்வளவு காலம் ஆகிறது? களைத்துப் போன கண்ணுக்கு எதிரில் வருவது தெரியாது. நாங்கள் பெயருக்குத்தான் குழுவில் இருந்தோம். அதுதான் முதல் தப்பு. காலையில் நான் வருகிறேன்."

"மத்தியானம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள் சடைச்சி.

"என் குட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது" என்றாள் மாரக்காள். அவள் குரலில் கோபம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் முன்பு போல இல்லை. "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அதற்காக நீங்கள் செத்துப்போகவேண்டாம். அது எங்களுக்கு உதவாது."

பூவாத்தாள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவர்களுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது குலுங்கியது. யாரும் எழுந்து போகவில்லை. "அப்போது சரி" என்று முடித்துவிடவும் யாரும் இல்லை. அவள் திரும்பும் வரை காத்திருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்" என்றாள். "ஆனால் நீங்கள் சொல்வதுதான் சரி. நாளைக் காலையில் நான் மலைச்சரிவுக்குப் போய்ப் புற்று தோண்டித் தின்றுவிட்டு வருகிறேன். நல்லமுத்து, குட்டிகளைப் பார்த்துக்கொள்."

மறுநாள் அப்படியே போனாள். வெயில் சாய்ந்த பிறகுதான் திரும்பி வந்தாள். குட்டிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

பொதுக் காரியத்துக்குத் தலைமை ஏற்றவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை, மனதில் படுவதை மறைத்துத் தலையாட்டுவது அல்ல. அதை அந்தக் கூட்டத்திலேயே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேலையில் பாதியை நம் தோளில் ஏற்றிக்கொள்வதுதான்.