ஏரியைத் தூர்வாரிய கடன் பத்திரம்

மருதங்காட்டு ஏரியில் செம்மூக்கி என்றொரு தாழைக்கோழி இருந்தது. கோரைப் புதருக்குள் கூடு கட்டி, நான்கு முட்டைகளை அடைகாத்துக் கொண்டிருந்தது. போன தடவை பொரித்த ஐந்து குஞ்சுகளும் ஏரித் தண்ணீரைக் குடித்துவிட்டு அதன் கண்ணெதிரே சுருண்டு செத்துப்போயின. இந்த நான்கையாவது காப்பாற்ற வேண்டும். அதைத் தவிர அதற்கு வேறு நினைப்பே இல்லை.

தண்ணீரைக் கெடுத்தது யார் என்று காட்டுக்கே தெரியும். ஏரிக்கு மேலே காட்டுப்பன்றிகள் பெரிய குழி வெட்டி, அதில் கசப்புக் கிழங்குகளை ஊறப்போட்டு வந்தன. கசப்பு இறங்கிய கறுப்புத் தண்ணீரை ஒரு வாய்க்கால் வழியாக ஏரியில் திறந்துவிடும். கசப்பு போன கிழங்கில் வீட்டுக்கு இரண்டு இலவசமாக வந்துவிடும். தின்ற வாய் எப்படிப் பேசும்? ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஒருநாள் உடும்புத் தலைவர் கூட்டம் போட்டார்.

“ஏரியைத் தூர்வார வெளியூர் நண்டுகள் தயாரா இருக்கு. கூலியாப் புல்லரிசி கேக்குது. நம்மகிட்ட ஏது? மேட்டு எறும்புகள் கடன் தரும். பத்திரம் எழுதிக் கொடுக்கணும். ஏரியில் உசுரோட இருக்கிற ஒவ்வொரு தலைக்கும் வருஷத்துக்கு நூறு மணி புல்லரிசி. பத்து வருஷம் கட்டணும்!”

“பத்து வருஷமா!” என்று வாயைப் பிளந்தது எருமை.

“இப்பவேவா கட்டப் போறோம்? கட்டுறவங்க கட்டிக்குவாங்க!” என்றது தவளை. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் காட்டில் வாக்குப் போட ஒரு வழக்கம் உண்டு. மருத மரத்தடியில் இரண்டு பொந்துகள். சம்மதம் என்றால் வலது பொந்தில் நத்தை ஓடு, இல்லை என்றால் இடது பொந்தில். தலைவர் கேட்ட கேள்விக்கு மட்டுமே ஓடு போடலாம். கேள்வியோடு ஒரு சொல் சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

தலைவர் கேட்டார்: “ஏரியைத் தூர்வாரக் கடன் வாங்கலாமா?”

செம்மூக்கி துணையை முட்டைமேல் உட்கார வைத்துவிட்டு வீடு வீடாக ஓடியது. ஆமையிடம் கெஞ்சியது. நாரையின் காலில் விழாத குறை. தொண்டை கட்டும்வரை வாக்குக் கேட்டது. மறுநாள் மரத்தடிக்கு வந்து பார்த்தால், வரிசையில் முதல் ஆளாகக் காட்டுப்பன்றித் தலைவன் வெண்பல்லன்! பின்னால் அதன் கூட்டம் முழுவதும். அத்தனை ஓடும் வலது பொந்தில் விழுந்தது.

செம்மூக்கிக்குக் கண் கலங்கிவிட்டது.

“அண்ணே, உங்களைத் தப்பா நினைச்சிட்டேனே!”

“ஏரி எல்லாருக்கும் பொதுதானே, தங்கச்சி!” என்றது வெண்பல்லன்.

பத்திரம் நிறைவேறியது. மூட்டை மூட்டையாகப் புல்லரிசி வந்தது. நண்டுகள் பன்னிரண்டு நாள் சேற்றை அள்ளின. ஏரி பளிங்கு மாதிரி ஆனது. தலைவருக்கு மாலை போட்டார்கள். செம்மூக்கி தன் நிழலைத் தண்ணீரில் பார்த்து ஆனந்தக் கூத்தாடியது.

மூன்றாம் நாள் காலை கூட்டைவிட்டு இறங்கியது. கால் பிசுபிசுத்தது. குனிந்து பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் கன்னங்கரேல் என்று கிடந்தது!

செம்மூக்கி வாய்க்கால் ஓரமாகவே மேலே ஓடியது. குழியில் கிழங்கு ஊறிக் கொண்டிருந்தது. இம்முறை குழி முன்பைவிட இரண்டு மடங்கு பெரியது.

“அண்ணே! என்ன இது? நீங்களும்தானே ஓடு போட்டீங்க!”

“போட்டேனே! தூர்வாரச் சொல்லித்தான் போட்டேன். குழியை மூடச் சொல்லி யாரு கேட்டா? எங்க அழுக்கை அள்ள ஊரே கடன் வாங்குது. அதுக்கு நான் ஏன் வேண்டாம்னு சொல்லணும்?”

செம்மூக்கிக்குச் சுரீரென்று உறைத்தது. வீடு வீடாகப் போய்க் கெஞ்சியது யார்? தானேதான்! விழுந்தடித்துக் கொண்டு கீழே ஓடி, ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் கொட்டியது.

உடும்புத் தலைவர் தாடையைச் சொறிந்தார். “அதனாலென்ன? இன்னொரு பத்திரம் எழுதிட்டாப் போச்சு!”

அடுத்த நொடி, ஆமையும் தவளையும் நத்தை ஓடு பொறுக்கக் கிளம்பிவிட்டன. செம்மூக்கி தன் கண்களையே நம்பவில்லை.

“நில்லுங்க! உங்களுக்கெல்லாம் புத்தி மழுங்கிப்போச்சா? வாய்க்காலை அடைக்கணும்னு ஒருத்தருக்குமா தோணலை?”

“அடைச்சா கிழங்கு வராதே...” என்று இழுத்தது நாரை.

“இன்னும் மூணு நாளில் என் முட்டை பொரியும்! கிழங்கைத் தின்னுட்டு நீங்க என் குஞ்சுகளைப் புதைப்பீங்களா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அது வாய்க்காலுக்குப் பறந்தது. அலகால் மண்ணை எடுத்துப் போட்டது. ஓடுகிற தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் போட்டது. எருமைக்கு வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்து கரையை ஒரே முட்டாக முட்டிச் சரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மதியத்துக்குள் வாய்க்கால் அடைபட்டது. கறுப்புத் தண்ணீர் திரும்பி, குழிக்குப் பக்கத்திலிருந்த பன்றிகளின் குகைக்குள்ளேயே புகுந்தது. ஐயோ, நாற்றம் தாங்கவில்லை என்று அலறிய வெண்பல்லன், அன்றே தன் கையால் குழியை மூடியது.

ஆன வேலை அரை நாள். செலவு ஒரு மணி புல்லரிசிகூட இல்லை.

அன்று இரவே பெருமழை பெய்து ஏரியை அலசிவிட்டது. மூன்றாம் நாள் நான்கு முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகள் தண்ணீரைக் குடித்தன, சிலிர்த்தன, நீந்தின. செம்மூக்கி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை!

அப்போது கரையில் ஓர் எறும்பு வந்து நின்றது.

“பத்திரத்தில் இருக்கிறபடி தலை எண்ண வந்திருக்கேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. குஞ்சுங்க பேரு என்னம்மா?”

செம்மூக்கி திடுக்கிட்டது. “இன்னும் பேரே வைக்கலையே!”

“பரவாயில்லை, கடனை எழுதிக்கிறேன். பேரை அப்புறம் சொல்லுங்க!” என்றது எறும்பு.

அழுக்கை விடுகிறவனைத் தடுக்காமல் அழுக்கை அள்ள மட்டும் கடன் வாங்கச் சம்மதிப்பவர்கள், இன்னும் பெயர்கூட வைக்காத பிள்ளைகளின் தலையில் அந்தச் சுமையை ஏற்றுகிறார்கள்.