மரைக்காயர் வீட்டுப் பூட்டிய பெட்டி

பிள்ளைகளே, கேளுங்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்கள் இன்னும் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள், கதை உங்களுக்குத்தான்.

பாய்மரக் கப்பல்கள் காற்றைப் பார்த்துப் புறப்பட்ட அந்தக் காலத்திலே, கிழக்குக் கடலோரம் சங்குமுனை என்றொரு பட்டணம் இருந்தது. அங்கே சிக்கந்தர் மரைக்காயர் என்றொரு வணிகர். அவருக்குக் கப்பல் இருந்தது, கிடங்கு இருந்தது, கிடங்கு நிறைய மிளகு இருந்தது. நெடுங்காலம் பிள்ளைதான் இல்லை.

"யா அல்லா, ஒரு பிள்ளையைக் கொடு. உன் வேதத்தின்மேல் உயிரையே வைக்கிற பிள்ளையாக வளர்த்துக் காட்டுகிறேன்" என்று அழுது நேர்ந்துகொண்டார். மைமூன் பிறந்தாள். கொடுக்க வேண்டியவன் கொடுத்துவிட்டான். இனி வாக்குக் கொடுத்தவர்தான் காப்பாற்ற வேண்டும்.

மைமூனுக்குப் பால்பல் விழத் தொடங்கியபோது மரைக்காயருக்கு நேர்ச்சை நினைவு வந்தது. வணிகர் அல்லவா, வணிகர் மாதிரியே யோசித்தார். பொருள் உயர்ந்ததாக இருந்தால் ஆசை தானாக வரும் என்று முடிவு கட்டினார்.

கடல் கடந்து ஒரு குர்ஆன் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் பொன் பூச்சு. அதற்குப் பச்சைப் பட்டுறை, உறைக்கு அத்தர், விரித்துவைத்து ஓதச் சந்தன மரத்தில் ஒரு பலகை, எல்லாவற்றையும் வைக்க ஒரு பெட்டி, பெட்டிக்குப் பித்தளைப் பூட்டு. சாவி மரைக்காயர் இடுப்பில். மனைவி ஹபீபா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த, ஓரம் தேய்ந்த பழைய குர்ஆனை, "நம்ம வீட்டுக்கு இது அழகா?" என்று மரைக்காயர் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டார்.

புது வேதத்தைக் கண்டதும் மைமூன் சிரித்துக்கொண்டு ஓடிவந்து விரலை நீட்டினாள்.

"தொடாதே! பொன் அழிஞ்சிடும்!" என்று அதட்டினார் மரைக்காயர்.

நீட்டிய விரலை அவள் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பாவம், ஆசை வந்த அன்றைக்கே அதற்கு அடி விழுந்தது.

அதன்பின் விருந்தாளி வந்தால் பெட்டி திறக்கும். மரைக்காயர் உறையை முகர்வார், பொன்னைக் காட்டுவார், பூட்டிவிடுவார். "ஓதுகிறீர்களா?" என்று யாரும் கேட்டதில்லை. சாப்பிட்ட வீட்டில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

பொருளால் ஆசை வரவில்லை. அடியாத மாடு படியாது என்று, ஓதிக்கொடுக்கும் காசிம் லெப்பையை வரவழைத்து, அவர் கையில் தாமே பொறுக்கிய பிரம்பையும் கொடுத்தார். லெப்பை ஓங்கினாரோ இல்லையோ, பிரம்பைப் பார்த்தே பிள்ளை நடுங்கினாள். அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே மைமூனுக்கு வயிற்றுவலி வந்தது.

பிரம்பாலும் ஆசை வரவில்லை. வரிக்கொரு துண்டு அல்வா என்றார் மரைக்காயர். மைமூன் ஒரு வரி ஓதுவாள், கையை நீட்டுவாள். தட்டு காலியானதும் ஓதலும் நின்றது. இந்தத் தடவை வந்த வயிற்றுவலி மட்டும் உண்மையானது.

ஹபீபா பார்த்தாள், பொறுத்தாள், பிறகு சொல்லியே விட்டாள்: "இங்கே பாருங்க, புள்ளைங்களுக்குக் காது கண்ணுலதான் இருக்கு. ஒரு நாளாவது நீங்க அதை விரிச்சு ஓதுங்களேன்."

"எனக்கு ஏது நேரம்? நான் ஓதிக்கிட்டு உக்காந்தா கப்பலை ஆரு பாக்குறது?" என்றார் மரைக்காயர். சின்ன வயதில் படித்தது பாதி மறந்துபோயிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை.

அந்தப் பட்டணத்தில் ஒரு வழக்கம். பிள்ளை குர்ஆனை ஓதி முடித்தால் 'தமாம்' என்று விருந்து வைப்பார்கள். பிள்ளைக்கு மாலை, ஊருக்கு நெய்ச்சோறு. எதிர்வீட்டுக்காரர் மகனுக்கு ஆவணியில் தமாம் நடந்தது. மரைக்காயருக்கு மூன்று நாள் தூக்கமில்லை. நாலாம் நாள் விடிந்ததும், "முதல்ல தமாமை வச்சுடுவோம். மாலை விழுந்தா ஓதுற ஆசை பின்னாலேயே வரும்" என்றார். பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதைதான்.

ஊரே திரண்டது. வேதத்தைத் தொடுமுன் கை கால் முகம் கழுவும் ஒளுவை மரைக்காயர் மகளுக்குச் செய்வித்து, முத்துமாலை போட்டு, நடுக்கூடத்தில் உட்காரவைத்தார். "சபையில பயப்படாதே. நம்ம வீட்டுல வேதத்தை எப்படி எடுக்குறதுன்னு எல்லாருக்கும் காட்டு" என்று சொல்லிச் சாவியையும் கொடுத்தார்.  ஒரு சிறிய சூரா, நாலு வரி அத்தியாயம், ஓதினாலும் போதும், நேர்ச்சை நிறைவேறிவிடும் என்று எண்ணிக்கொண்டார்.

மைமூன் பெட்டியைத் திறந்தாள். பட்டுறையை எடுத்து மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, "ஆகா!" என்றாள். பலகைமேல் வேதத்தை விரித்தாள். சபை காதைத் தீட்டியது. மைமூன் தொண்டையைக் கனைத்து, வாப்பாவின் குரலிலேயே சொன்னாள்:

"பாத்தீங்களா? அத்தனையும் பொன். இந்தக் கரையில வேற எந்த வீட்டுலயும் கிடையாது. தொடாதீங்க, அழிஞ்சிடும்! வாங்க, சோறு ஆறுது."

வேதத்தை மூடினாள், உறையிலிட்டாள், பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிப் பூட்டை இரண்டுமுறை இழுத்தும் பார்த்தாள்.

சபை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. காசிம் லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, "பாடத்தில் ஒரு பிசகும் இல்லை மரைக்காயரே. ஆனால் சொல்லிக்கொடுத்தது நானில்லை" என்றார்.

மைமூனோ சிரிப்பைப் பார்த்து மிரண்டு, "சரியாத்தானே செஞ்சேன், வாப்பா?" என்று கேட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் சிரித்தது மரைக்காயரைச் சுடவில்லை. இந்தக் கேள்வி சுட்டது. அழுது கேட்டு வாங்கிய பிள்ளைக்கு இவ்வளவுதானா கொடுத்தோம் என்று வெட்கி, மகளை அணைத்துக்கொண்டு, "நீ சரியாத்தான் செஞ்சே. நாந்தான்மா தப்பாக் காட்டிட்டேன்" என்றார்.

மறுநாள் விடியற்காலைச் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பூட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டார். வேதத்தை விரித்து உட்கார்ந்தார். எழுத்து எழுத்தாகத் தடவித் தடவி ஓதினார். தவறினார், திரும்ப ஓதினார். ஓரிடத்தில் பொருள் மனத்தைத் தொட்டுக் கண் கலங்கினார். மகளைக் கூப்பிடவில்லை. பிரம்புமில்லை, அல்வாவுமில்லை.

முதலில் மைமூன் கதவோரம் நின்று பார்த்தாள். சில நாள் கழித்துப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு காலை, முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்ட அருகே வந்து, "வாப்பா, ஒளு செஞ்சிட்டேன். தொடலாமா?" என்று கேட்டாள்.

மரைக்காயர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். அன்று முதுகுக்குப் பின்னால் ஒளிந்த அந்த விரலைத் தாமே பிடித்து, பொன் பூச்சின்மேல், முதல் எழுத்தில் வைத்தார்.

ஆகவே பெற்றவர்களே, பிள்ளை எதை நேசிக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ, அதை அவர்கள் கண்முன்னே முதலில் நீங்கள் நேசியுங்கள்.