வாழ்த்தில் ஆறிய இரும்பு

வெகுகாலத்துக்கு முன்னே, மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் இருந்த கூவிள நாட்டை நெடுவேழன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம். புகழ்ச்சி என்றால் மட்டும் எந்த வேளையிலும் ஒரே மனம்.

அவனுடைய அமைச்சர் சேந்தன். மனைவி இறந்தபிறகு அதிகம் பேசாதவர். மாலை நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஆண்டு வானமும் அவருக்கு நிம்மதி தரவில்லை. மேகம் கூடிக்கொண்டே வந்தது. உழவர்களுக்குத் தரவேண்டிய, ஏர் முனையில் மாட்டும் இரும்புக் கொழுக்களில் பாதிகூட அரசு உலைக்களத்திலிருந்து வந்து சேரவில்லை.

“தலைமைக் கொல்லன் உலகன் ஆசாரி சோம்பேறி, அரசே” என்றான் வீரபாகு. உலைக்களத்தை மேற்பார்க்கிறவன் அவன். அமைச்சர் இருக்கையின் மேல் நெடுநாளாக அவனுக்கு ஒரு கண். “கங்காணிகளை இரண்டு மடங்காக்கினேன். அப்படியும் வேலை குறைகிறதே தவிரக் கூடவில்லை.”

“மழை விழுவதற்குள் கொழு முழுதும் வரவில்லை என்றால் உலகன் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்!” என்றான் அரசன்.

சேந்தன் எழுந்தார். “அவனுக்கு நான் பிணை. அவன் போனால் நானும் போகிறேன்.”

“வண்டி பூட்டச் சொல்லட்டுமா, ஐயா?” என்று வீரபாகு பணிவாகக் கேட்டான்.

“மாடெல்லாம் உழவுக்கு வேண்டும், தம்பி. நாங்கள் நடந்தே போய்க்கொள்கிறோம்.”

அன்றே சேந்தன் உலைக்களத்துக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். உலையிலிருந்து இரும்பு செக்கச்செவேலென்று வந்தது. அதைக் குறட்டில் பிடித்துக்கொண்டு, கூடத்தின் மறுகோடியில், இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கு ஓடினார்கள். உலகன் சம்மட்டியை ஓங்கினான். வாசலில் சங்கு ஊதியது. கங்காணி ஒருவன் அரசனின் குடையைப் பிடித்தபடி நுழைந்தான். உடனே எல்லாரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார்கள். “நெடுவேழர் வாழ்க! அவர் குலம் வாழ்க! அவர் குடை வாழ்க!” வாழ்த்தி முடிப்பதற்குள் இரும்பு கறுத்துவிட்டது. மறுபடியும் உலை. மறுபடியும் ஓட்டம். அடுத்த கங்காணி வந்துவிட்டான்.

சேந்தன் உலகனை ஓரமாக அழைத்தார். “இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?”

“என்னான்னு சொல்றது சாமி? ராஜாவை வாழ்த்துறதால வேலை கெடுதுன்னா? நாட்டை விட்டா அனுப்புவாங்க? உலகத்தை விட்டே அனுப்பிடுவாங்க!”

அவன் சொன்னது சரி. தாம் சொன்னாலும் அதே கதிதான் என்று சேந்தனுக்குத் தெரியும். அன்றிரவு அவருக்குத் தூக்கமில்லை. சொல்ல முடியாததைக் காட்டத்தான் வேண்டும்.

மறுநாள் அவையில் மெதுவாக ஆரம்பித்தார். “இந்த ஆண்டு முதல் ஏரைத் தாங்கள் பூட்டப்போகிறீர்கள். அதன் கொழுவையும் தங்கள் கையாலேயே அடித்தால்?”

அரசன் துள்ளி எழுந்தான். “ஆகா! இன்றைக்கே அடிக்கிறேன்!”

“ஒன்றே ஒன்று. அரசராக வந்தால் பாவம், அவர்கள் கைகால் நடுங்கும். கொல்லனாக வாருங்கள். கொல்லனுக்கு உள்ள விதி அத்தனையும் தங்களுக்கும்.”

“அப்படியே!”

வீரபாகு முந்திக்கொண்டான். “கங்காணிகள் ஒருவர் விடாமல் வருவார்கள், அரசே! எங்கள் கட்டுப்பாட்டைத் தாங்களே பார்க்கலாம்.”

“கண்டிப்பாக வரட்டும்” என்றார் சேந்தன்.

அன்றே உலைக்களத்தில், சேந்தனும் வீரபாகுவும் பார்த்திருக்க, அரசன் முண்டாசு கட்டிக்கொண்டு, இரும்பைத் தூக்கிக்கொண்டு பட்டடைக்கு ஓடினான். சம்மட்டியை ஓங்கினான். சங்கு ஊதியது.

“கீழே வைக்கணும், சாமி” என்றான் உலகன் தயங்கித் தயங்கி.

“எதை?”

“சம்மட்டியைத்தான். விதி.”

அரசன் வைத்தான். கைகூப்பினான். கொஞ்சம் கூச்சத்தோடு, “நெடுவேழர் வாழ்க” என்று தன்னையே வாழ்த்திக்கொண்டான். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. இரும்புதான் கறுத்துக் கிடந்தது.

இரண்டாம் முறை வாழ்த்தும்போது அவன் குரலில் இனிமை இல்லை. மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்தினான். அடுத்த முறை பொறுமை போய், ஆறிய இரும்பிலேயே ஓங்கி ஒரு போடு போட்டான். கொழுவில் விரிசல் விழுந்தது. அதற்குள் மறுபடியும் சங்கு.

“எவனடா அவன்?” என்று கத்தினான் அரசன். “உள்ளே வந்தால் உலையில் போட்டுவிடுவேன்!”

சங்கு பாதியில் நின்றது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு பட்டடையைப் பார்த்தான். “இதை எதற்கு இவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள்?”

உலகன் சேந்தனைப் பார்த்தான். சேந்தன்தான் சொன்னார்: “கங்காணிகள் குடையோடு நடக்க இடம் வேண்டுமே, அரசே.”

அரசன் நீண்டநேரம் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “வீரபாகு, என்னை வாழ்த்தியே என் நாட்டைத் தரிசாக்கப் பார்த்தாயே! குடைகளை மடக்கு. பட்டடை உலைக்குப் பக்கத்தில் வரட்டும். உன் கங்காணிகள் கரி சுமக்கட்டும். நீ துருத்தி ஊது.”

பட்டு மேலாடையைக் கழற்றிவிட்டு வீரபாகு துருத்தியின் முன் உட்கார்ந்தான்.

“கொஞ்சம் சீரா ஊதுங்க, ஐயா” என்றான் உலகன். “கோபத்துல ஊதினா இரும்பு எரிஞ்சு போயிடும்.”

கடைசி வண்டிக் கொழு ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. உலகனின் வீட்டில் யாரும் மூட்டை கட்டவில்லை. அரசன் தன் விரலில் இருந்த கணையாழியைக் கழற்றிச் சேந்தனின் விரலில் போட்டான்.

அன்று மாலை அவையில் அரசன் சற்று நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். “உலைக்களத்திலிருந்து வாழ்த்த ஒருவரும் வரவில்லையே?”

“அடுத்து அரிவாளுக்கு இரும்பு காய்கிறது, அரசே. வேலையாக இருக்கிறார்கள்” என்றார் சேந்தன்.

மழைக்குள்ளிருந்து சம்மட்டிச் சத்தம் விடாமல் கேட்டது. அரசனின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தான்.

“பரவாயில்லை” என்றான். “இதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.”

கூவிள நாட்டில் அந்த ஆண்டு விளையாத வயல் இல்லை.