தும்பை மறுத்த சேணம்

மூங்கில் அடர்ந்த ஒரு காடு மலையடிவாரத்தில் இருந்தது, குழந்தைகளே. கோடை வந்தால் அந்தக் காட்டின் குளம் வற்றிவிடும். மலைக்கு அப்பால் வற்றாத ஏரி ஒன்று உண்டு. ஆனால் ஆமைகளால் அவ்வளவு பெரிய மலையை ஏற முடியுமா? அதனால் ஒவ்வொரு கோடையிலும் குதிரைகளும் கழுதைகளும் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு மலையைக் கடக்கும்.

ஒருமுறை வெறும் முதுகிலிருந்து ஓர் ஆமை வழுக்கி விழுந்து, அதன் ஓடு விரிசல் கண்டது. காட்டின் அரசனான புலி உடனே ஆணையிட்டது: "இனிமேல் சேணம் இல்லாமல் யாரும் ஆமைகளைச் சுமக்கக் கூடாது."

நல்ல ஆணைதான். ஆனால் அதை வைத்துப் பிழைக்க வழி கண்டுபிடித்தது சவ்வாது என்ற புனுகுப்பூனை.

சவ்வாது இலுப்பை மரத்தடியில் கடை போட்டது. மூங்கிலை வளைத்துச் சட்டம் கட்டியது. அதில் நார் பின்னி, இலவம்பஞ்சு திணித்து, ஓரமெல்லாம் சிவப்புக் குஞ்சம் வைத்தது. செய்த சேணங்களைக் கொடியில் கட்டிக் கிளைகளில் தொங்கவிட்டது. விலை ஒரு பலாப்பழம். காட்டில் வேறு கடையே கிடையாது.

தும்பை என்றொரு மட்டக்குதிரை அந்தக் கோடையில்தான் முதன்முதலாக ஆமைகளைச் சுமக்க முன்வந்தது. குட்டையான உருவம், அகலமான முதுகு. யாராவது அதட்டினால் தும்பை காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

பழுத்த பலாப்பழம் ஒன்றை மூக்கால் உருட்டிக்கொண்டு தும்பை கடைக்கு வந்தது. தாங்கி என்ற கழுதையும் மிடுக்கன் என்ற பெரிய குதிரையும் சேணத்துடன் அங்கே புறப்படத் தயாராக நின்றன. தாய் ஆமை ஒன்று குஞ்சுகளோடு நிழலில் காத்திருந்தது.

"வாம்மா, வா. உனக்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன்" என்ற சவ்வாது, ஒரு கொடியை அவிழ்த்துச் சேணத்தைத் தும்பையின் முதுகில் இறக்கியது. வயிற்று வாரைப் பல்லால் இழுத்துக் கட்டியது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தது.

"அழகு. பழத்தை அப்படி ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பு."

தும்பை நாலு எட்டு நடந்தது. நின்றது.

"தோளில் அழுத்துகிறது. நடுவில் முதுகைத் தொடவே இல்லை. வார் முன்னங்காலில் உரசுகிறது."

"புது நார் அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிவிடும்."

"எது பழகும்? சேணமா, என் முதுகா?"

சவ்வாது குஞ்சத்தைச் சரிசெய்தது. தும்பை விடவில்லை.

"இதை யார் முதுகில் அளவெடுத்துச் செய்தாய்?"

"அதோ அந்தக் கட்டையில் வைத்துத்தான் எல்லாவற்றையும் வளைப்பேன்" என்று சவ்வாது கீழே கிடந்த மரக்கட்டையைக் காட்டியது. "இதுவரை அந்தக் கட்டை ஒரு குறையும் சொன்னதில்லை."

மிடுக்கன் கனைத்துச் சிரித்தது. "நானும் இதே சேணத்தைத்தான் போட்டிருக்கிறேன். ஒருநாளாவது முனகியிருக்கிறேனா? உன் முதுகு பாய் மாதிரி விரிந்து கிடந்தால் அதற்குச் சேணம் என்ன செய்யும்?"

"என் முதுகு நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. இந்தச் சேணம் போன வாரம் செய்தது. இரண்டில் எதை மாற்ற முடியும் என்று நீயே சொல்" என்றது தும்பை.

தாங்கி மெல்லப் பேசியது. "வாங்கிக்கொள், தங்கச்சி. கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். எல்லாரும் பொறுத்துக்கொண்டுதானே போகிறோம்?"

"நீ ஏன் பொறுத்தாய், அண்ணே?"

தாங்கி தோளைக் குலுக்கிச் சேணத்தை லேசாக நகர்த்திக்கொண்டது.

தாய் ஆமை தலையை வெளியே நீட்டியது. "தும்பை, குளத்தில் சேறுகூடக் காய்ந்துவிட்டது. என் குஞ்சுகள் சோர்ந்துவிட்டன. எப்படியாவது கிளம்பேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் தும்பைக்கு மனம் இளகியது. ஒரு கணம், போட்டுக்கொண்டே போய்விடலாமா என்றுகூட அதற்குத் தோன்றியது. பிறகு தலையை உதறிக்கொண்டது.

"அம்மா, பாதி மலையில் என் தோள் கிழிந்தால் நான் வலி தாங்காமல் துள்ளுவேன். அப்போது உங்கள் குஞ்சுகள் எங்கே போய் விழும்? அவற்றுக்காகவும்தான் சொல்கிறேன்."

சவ்வாதின் குரல் மாறியது. "இதோ பார். என் கடையில் வந்து என் சேணத்தையே குறை சொல்கிறாயா? சேணம் இல்லாமல் நீ மலை ஏற முடியாது. இது அரசரின் ஆணை. வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு."

தும்பையின் காதுகள் பின்னுக்கு மடங்கின. அது நடையைக் கட்டவில்லை. வாரைக் கடித்து அவிழ்த்து, உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. சேணம் தரையில் விழுந்தது. பக்கத்தில் எரிந்துபோன மூங்கில் புதர் ஒன்று இருந்தது. தும்பை அதன் சாம்பலில் படுத்துப் புரண்டு, முதுகெல்லாம் வெளுத்துப்போய் எழுந்து வந்தது.

"இப்போது அதை மறுபடி என் மேல் இறக்கு" என்றது.

"எதற்கு?"

"வாங்கப்போகிறவள் நான். போட்டுப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் சவ்வாதுக்கு வேறு வழியில்லை. சேணத்தைக் கட்டிவிட்டது. தும்பை மேட்டில் ஏறி, இறங்கி, மரத்தைச் சுற்றி ஓடியது. திரும்பி வந்ததும் சேணத்தைக் கழற்றச் சொன்னது.

முதுகின் நடுவில் சாம்பல் பூசினது பூசினபடியே இருந்தது. இரண்டு தோள்களிலும் முதுகெலும்பின் மேட்டிலும் மட்டும் சாம்பல் முழுக்கத் தேய்ந்து, தோல் சிவந்திருந்தது.

"சுமை முழுவதும் இங்கேதான் நிற்கிறது" என்றது தும்பை. "அண்ணே, உன் சேணத்தையும் ஒரு தடவை கழற்றிக் காட்டு."

தாங்கி தயங்கியது. தரையைப் பார்த்தது. பிறகு வாரை அவிழ்த்தது. அதன் தோள்களில் அதே இடங்களில் இரண்டு புண்கள் இருந்தன. ஆமைக் குஞ்சுகள் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டன.

மிடுக்கன் சேணத்தைக் கழற்றவில்லை. ஆனால் தும்பை அருகில் போய் மூக்கால் அதன் தோளை லேசாகத் தொட்டதும், அந்தப் பெரிய குதிரை வெடுக்கென்று துள்ளி விலகியது. யாரையும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கலகம் செய்கிறாய்" என்று சீறியது சவ்வாது. "அரசரைக் கூப்பிடுகிறேன்."

"கூப்பிடு" என்றது தும்பை.

சவ்வாது ஓடிப்போய்ப் புலியை அழைத்து வந்தது. பகல் தூக்கம் கெட்ட கோபத்தில் இருந்தது புலி.

"சேணம் போட மாட்டேன் என்றவள் நீதானா?"

தும்பை பின்வாங்கவில்லை. "சேணம் போடுவேன், அரசே. மரக்கட்டையில் அளவெடுத்த, எனக்குப் பொருந்தாத சேணத்தைத்தான் போட மாட்டேன். சேணம் வேண்டும் என்றுதான் உங்கள் ஆணை சொல்கிறது. புண்ணும் வேண்டும் என்று அதில் இல்லை."

"நான் உன்னை இப்போதே அடித்துத் தின்றால்?"

"தின்னலாம். அப்போதும் இந்தச் சேணம் எனக்குப் பொருந்தியதாக ஆகிவிடாது."

புலி சவ்வாதின் பக்கம் திரும்பியது. "இவள் சொல்வது உண்மையா?"

"பொய், அரசே. என் சேணம் எந்த முதுகுக்கும் பொருந்தும்."

"அப்படியானால் சவ்வாது முதலில் தன் முதுகிலேயே வைத்துக் காட்டட்டும், அரசே" என்றது தும்பை.

புலி தலையசைத்தது. மிடுக்கன் முன்னால் வந்தது. யாரும் சொல்லாமலே கிளையில் கட்டியிருந்த ஒரு கொடியைப் பல்லால் இழுத்து அவிழ்த்தது. சேணம் இறங்கிச் சவ்வாதின் மேல் உட்கார்ந்தது. குஞ்சங்களுக்கு நடுவே அதன் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

"நட" என்றது புலி.

சவ்வாது ஓர் அடி வைக்கப் பார்த்து, வயிறு தரையில் படப் படுத்துவிட்டது. "முடியவில்லை, அரசே. இது என் அளவு இல்லை. என் உடம்பு வேறு மாதிரி."

"அதைத்தான் நான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றது தும்பை.

புலியின் மீசை துடித்தது. "என் ஆணையில் கட்டையைப் பற்றி ஒன்றும் இல்லை" என்று சவ்வாதிடம் சொல்லிவிட்டு, மறுபடி தூங்கப் போய்விட்டது.

சவ்வாது ஒரு கொடியை எடுத்துவந்து தும்பையின் தோளையும் முதுகையும் வயிற்றையும் அளந்தது. சட்டத்தை அகல வளைத்துக் கட்டியது. தும்பை மறுபடி சாம்பலில் புரண்டு, மேட்டில் ஏறி இறங்கிப் பார்த்தது.

"இடது தோளில் இன்னும் பிடிக்கிறது. அவிழ்."

சவ்வாது முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்துக் கட்டியது. இந்த முறை சாம்பல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கலைந்திருந்தது. தும்பை சுகமாக மூச்சுவிட்டது. வெயில் சாய்வதற்குள் தாய் ஆமையும் குஞ்சுகளும் அதன் மேல் ஏறிக்கொண்டன.

"இப்போதாவது பழத்தைக் கொடு" என்றது சவ்வாது.

"ஏரி வரை போய் வருகிறேன். அப்போதும் முதுகு நோகவில்லை என்றால் பழம் உனக்கு."

சவ்வாது மறுத்துப் பேச வாயைத் திறந்தது. அதன் முன்னால் தாங்கியும் மிடுக்கனும் சேணங்களைக் கடை வாசலில் போட்டுவிட்டு, முதுகெல்லாம் சாம்பலோடு அசையாமல் நின்றன. சவ்வாது வாயை மூடிக்கொண்டு அளவுக் கொடியைக் கையில் எடுத்தது.

நீதி: யார் அதட்டிக் கொடுத்தாலும் பொருந்தாததை ஏற்காதே, சோதித்துப் பார்த்து, உனக்குப் பொருந்துவதையே வாங்கு.